காகிதச் சிறகின் ஈரம்

கோபக்காரி கை பட்டால் தமால் வேகாது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். மாவைத் தொடக்கூடாது, மாவு பொதிகிற சோளமடலை மடிக்கக்கூடாது, அண்டாப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. விடியும்வரை தோரா அக்கா மூலையில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சரி, சொல்கிறேன். நடுவில் யாராவது கெக்கெக்கே என்று சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். லீச்சா, நீ அந்த வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய் உட்கார். எனக்கு அந்த வாடை ஆகாது.

ஏன் என்று இப்போது கேட்காதே.

நேரம்... மாலை ஐந்து, ஐந்தரை இருக்கும். பேய்க் கதை என்றதும் நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டு இப்போதே ஒண்ட வேண்டாம். நல்ல வெளிச்சம் இருந்தது. சான் ஹசிந்தோ அருங்காட்சியகத்து வாசலிலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கு ஒரு சாலை போகிறதே, ஒரு பக்கம் பழைய மடத்தின் நீளச் சுவர், மறுபக்கம் கள்ளிக்காடு, அந்தச் சாலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் ஒரு நாய்கூட நடக்காது. மழை பெய்து விட்டிருந்தது. ஒதீலியா தனியாக வந்துகொண்டிருந்தாள். அவள் செருப்புச் சத்தம்... சளக், சளக். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். காகிதத்தைத் தண்ணீரில் முக்கிக் கல்லில் ஒட்டி ஒட்டி எடுத்தால் கேட்குமே, அப்படி. சப்... சப்... சப்.

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

இருங்கள். ஒதீலியா யார் என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. என் சிநேகிதி ரெமெதியோஸ் இருந்தாளே, நம் லா நோரியாவில் கடைசி வீடு. அவளுக்கு ஒதீலியா நாத்தனார். வீடும் அடுத்தடுத்த வீடு. இது நடந்தபோது எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பிறந்த குழந்தையைக் கையில் வாங்குவதற்குள் நூறு படம் பிடிக்கிற காலமும் இல்லை அது. போட்டோ வேண்டுமென்றால் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சீவி, பேருந்து பிடித்து நகரத்துக்குப் போக வேண்டும். போகலாம் போகலாம் என்று இருந்தார்கள்.

ஒதீலியாவுக்கு ஒரே பிள்ளை. எலியாஸ். இன்னும் நடக்கவில்லை, தவழ்வான். அந்தத் தவழலே ஒரு தினுசு. இரண்டு உள்ளங்கையும் தரையில் சப்பென்று பதியும், வலது முட்டி பதியும், இடது காலை மட்டும் பின்னால் நீட்டி இழுத்துக்கொண்டே வருவான். மண்தரையில் அவன் போன வழியெல்லாம் ஒரு கோடு கிடக்கும். அவன் அப்பன் ரமீரோ அதைப் பார்த்துவிட்டு, "விடியறதுக்குள்ள வீட்டையே உழுதுட்டான்யா என் மவன்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. போய்விட்டான்.

குழந்தை போனால் நாம் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானத்தில் அவனை ஏந்திய ஞானத்தாய் வந்து வெள்ளை உடுப்பு போட்டாள். தலையில் பூமுடி, காலில் ஜிகினாக் காகிதச் செருப்பு, முதுகில் காகிதச் சிறகு. மேசைமேல் கிடத்தி, சுற்றிலும் நிலசம்பங்கி. ஃபிடில்காரர் வந்தார், வாணம் விட்டார்கள், வந்தவர்களுக்கெல்லாம் சாக்லேட்டும் ரொட்டியும். தேவதையாகப் போகிற பிள்ளையைச் சந்தோஷமாகத்தானே அனுப்ப வேண்டும். ஒதீலியாவின் மாமியார் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள்.

"ஒரு சொட்டு விட்றாத. தாய் கண்ணீர் பட்டா றெக்க நனைஞ்சிரும். நனைஞ்ச றெக்கையோட புள்ள எப்படி மேல போவும்? பாதி வழியில நின்னு தடுமாறும். அவன் மேல பாசம் இருந்தா அழுவாத."

அவள் அழவில்லை. வந்தவர்களுக்குத் தட்டு நீட்டினாள், குவளை கழுவினாள். பெட்டியைத் தூக்கும்போதும் அழவில்லை. "கல்லு மாதிரி நின்னா, நல்ல தாய்" என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பாராட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டோம், நான் உட்பட.

ரமீரோ வேலைக்கு வடக்கே எல்லை தாண்டிப் போனான். முதலில் சேதி வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஒதீலியா அந்த வீட்டில் ஒண்டியாக இருந்தாள். அழுகை வந்தால் முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொள்வாள். எலியாஸ் மேலே போய்ச் சேர்ந்துவிட்டானா, இன்னும் வழியில்தான் இருக்கிறானா, யாருக்குத் தெரியும்? வெங்காயம் நறுக்குவதையே விட்டுவிட்டாள். வெங்காயமில்லாமல்தான் அந்த வீட்டில் சமையல்.

அதைவிடப் பெரிய கொடுமை, பிள்ளையின் முகம் மறந்துகொண்டே வந்தது. ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாளாம். "அண்ணி, அவன் மூக்கு எப்படி இருந்துச்சு? எங்கண்ணன் மூக்கா, அவன் அப்பா பக்கத்து மூக்கா?" ரெமெதியோஸ் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் நினைவில்லை. "உன்ன மாதிரியேதான்டி" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், பேருந்துக்கு நேரமிருக்கிறதே, மழையும் வலுக்கிறதே என்று அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினாள். ஞாயிறு என்றால் அங்கே இலவசம். ஆனாலும் ஈ, காக்கை கிடையாது. காவலுக்கு எவாரிஸ்தோ தாத்தா. ஆள் வரும்போதுதான் விளக்குப் போடுவார். நீங்கள் ஒரு அறைக்குள் போனால் அந்த அறைக்கு விளக்கு எரியும், நீங்கள் தாண்டியதும் பின்னாலேயே அணைத்துக்கொண்டு வருவார். மின்சாரம் அவர் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி.

முதல் அறையில் பழங்காலப் புதைகுழிகளில் எடுத்த மண்பொம்மைகள், கொழுத்த மண் நாய்கள். அடுத்ததில் ஆயர் உட்கார்ந்த நாற்காலி. அதற்கடுத்து புரட்சிக் காலத்துத் துப்பாக்கி, சேணம், ஓட்டை விழுந்த ஒரு தொப்பி. டக், விளக்கு. டக், இருட்டு. சுண்ணாம்பு வாடை, பழைய மெழுகு வாடை. கடைசி அறையில் ஓவியங்கள். எவாரிஸ்தோ விளக்கைப் போட்டுவிட்டு, "பாரு தாயி, அவசரமில்ல" என்று வெளியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மூலையில் ஒரு படம். மேசைமேல் ஒரு பெண் குழந்தை. மூன்று வயதிருக்கும். வெள்ளை உடுப்பு, பூமுடி, ஜிகினாச் செருப்பு, காகிதச் சிறகு. சுற்றிலும் நிலசம்பங்கி. கண் மூடியிருக்கிறது. போட்டோ வராத காலத்தில் வசதியுள்ளவர்கள் ஓவியரை வரவழைத்து இப்படி வரைந்து வைத்துக்கொள்வார்களே, அது. கீழே ஒரு சீட்டு: "குழந்தை. பெயர் தெரியவில்லை. வரைந்தவர் தெரியவில்லை."

ஒதீலியா அதன் முன்னால் நின்றாள். அப்புறம் உட்கார்ந்தாள். முக்காட்டை வாய்க்குக் கொண்டுபோனவள், பாதியில் விட்டுவிட்டாள். அழுதாள்.

பிற்பாடு ரெமெதியோஸிடம் அவளே சொன்னாள். "அது யாரோ பெத்த புள்ள அண்ணி. எந்தக் காலத்துலயோ போய்ச் சேந்த புள்ள. அதுக்காக அழுதா எலியாஸுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? எனக்கு எங்கயாச்சும் அழணும் அண்ணி."

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் போனாள். பூசைக்குப் போகாமல்கூட இருந்தாள், அங்கே போகாமல் இருக்கவில்லை. எவாரிஸ்தோவும் ஒன்றும் கேட்கமாட்டார். கடைசி அறை விளக்கைப் போடுவார், முக்காலியில் உட்காருவார், உள்ளே அழுகை ஓய்ந்ததும் எழுந்திருப்பார்.

இனிமேல்தான் நான் முதலில் சொன்ன அந்த ஞாயிறு.

அன்று அழுதுவிட்டுக் கிளம்பினாள். கடைசி அறையைத் தாண்டினாள். பின்னால் 'டக்' கேட்க வேண்டும், கேட்கவில்லை. துப்பாக்கி அறைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் ஓவிய அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. எவாரிஸ்தோ பொத்தான்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அணைத்தார். துப்பாக்கி அறையிலும் அப்படியே. அவள் ஆயர் நாற்காலியிடம் வந்தாயிற்று, அவர் இன்னும் காத்திருக்கிறார்.

"என்ன தாத்தா, இன்னிக்கு வெளக்க அணைக்க மனசு வரலயா?"

அவர் நிமிரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால வருதுல்ல தாயி. சின்னக் காலு. மெதுவா வரட்டும், இருட்டுல பயந்துக்கும்."

கிழவருக்குக் கண் மங்கிப்போச்சு என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். அப்புறம்தான் அந்தச் சாலை. சளக், சளக். சப்... சப்... சப்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. லா நோரியாவில் இறங்கும்போது பார்த்தாள், அந்த இருக்கை ஈரமாக இருந்தது. நிலசம்பங்கி வாசனை. அதோடு, நனைந்த காகிதத்தில் பசை புளித்த வாடை.

வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தாள். சாத்த வேண்டும் அல்லவா? நீங்களாக இருந்தால் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, சிலுவை போட்டு, ஊரைக் கூட்டியிருப்பீர்கள். அவள் திறந்தே வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள், ஒரு சின்ன உருவம் நுழைகிற அளவுக்கு. அவ்வளவு தனியாக இருந்தாள் அவள்.

பிறகு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தாள். வேலி வழியாகப் பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்கும். ஒரு நாள் ரெமெதியோஸ் மாவு கடன் கேட்கப் போனாள். தரையெல்லாம் சின்னச் சின்ன ஈரக் காலடி. அடுப்பு ஓரத்தில் யாருமில்லை. ஆனால் அங்கிருந்து ஒரு சத்தம்... டக டக டக டக. பல் தந்தியடிக்கிற சத்தம்.

"என்னடி அது?"

"குளிருது அதுக்கு. அடுப்பு எவ்வளவு மூட்டுனாலும் காய மாட்டேங்குது."

ரெமெதியோஸுக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஓடவில்லை. அவளும் என்னைப் போலத்தான், பயம் வந்தால் கோபம் வந்துவிடும். அடுத்த ஞாயிறு கூடவே அருங்காட்சியகத்துக்குப் போனாள். படத்தைப் பார்த்தாள். பூமுடி தளர்ந்து நெற்றியில் சரிந்திருந்தது. மடிப்பு மடிப்பாக நிற்க வேண்டிய காகிதச் சிறகு கூழாகித் தொங்கியது. படத்துக்குக் கீழே சுவரில் ஒரு நீளக் கறை. "கூரை ஒழுவுதும்மா" என்றார் எவாரிஸ்தோ. அண்ணாந்து பார்த்தால் கூரை காய்ந்திருந்தது. ஒதீலியா வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

ரெமெதியோஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பாவி, நிறுத்துடி. நீ அழுவ அழுவ அது நனையுது. உனக்குத் தெரியலயா?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமா?"

"அழுவறத நிறுத்துனா காஞ்சிரும். காஞ்சா போயிரும்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கமே இல்லை என்றாள் ரெமெதியோஸ். பசித்தவள் ரொட்டியை மறைத்துக்கொள்வது போல இருந்ததாம். அன்று இரண்டு பேரும் அந்தச் சாலையில் நடந்து வந்தார்கள். பின்னால் சப்... சப்...

அவளைத் திருத்தியது யாருடைய புத்திமதியும் இல்லை. ஒரு நாள் பல் தந்தியடிக்கிற சத்தம் தாங்கமுடியாமல், அடுப்போரம் தன் முக்காட்டை விரித்து, "வா, இதுல சுருட்டிக்க" என்று கூப்பிட்டாளாம். முக்காடு மெல்லக் குமிழ்ந்து உப்பியது. ஒதீலியா அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். விழித்தபோது மடி முழுக்கத் தண்ணீர். முக்காட்டுக்குள் ஒரு சின்ன ஜிகினாச் செருப்பு மட்டும் கிடந்தது. நடந்து நடந்து அடிப்பக்கம் கிழிந்து கந்தலாகியிருந்தது. நடப்பதற்கா செய்தார்கள் அதை?

உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணி, இந்தப் புள்ளய பெத்தவ ஒருத்தி இருந்திருப்பாளே. அவளும் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னுருப்பா. வந்தவங்களுக்குத் தட்டு நீட்டியிருப்பா. அவ அவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்புன புள்ளய நான் பாதி வழியில இழுத்துட்டு வந்துட்டேனே."

"அழுவாத."

"அழுவல."

அழவில்லை. அன்றே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார்கள். நானும் போனேன், அதனால் இதை யாரும் கதை விடுகிறேன் என்று சொல்ல வேண்டாம். ரெமெதியோஸ் ஞானத்தாய் ஆனாள். புதிதாக வெள்ளை உடுப்பு, புதுச் செருப்பு, மொடமொடவென்று புதுச் சிறகு. மேசைமேல் உடுப்பை மட்டும் விரித்தார்கள், உள்ளே ஆள் இல்லை. ஃபிடில்காரர் வெறும் உடுப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாசிங்க" என்றேன். வாசித்தார். ஊரில் பாதிப்பேர் ஒதீலியாவுக்குப் பைத்தியம் என்று முணுமுணுத்தார்கள், மீதிப்பேர் சாக்லேட் குடித்தார்கள். பெயர் இல்லாமல் அனுப்பக்கூடாது என்று ஒதீலியா அதற்கு ஒரு பெயர் வைத்தாள். மேசைமேல் குனிந்து காதில் சொன்னாள், எங்களுக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். என் அண்ணன் வாணம் விட்டான். அது மேலே போய் வெடித்தபோது வீட்டுக்குள் மேசைமேல் அதுவரை லேசாக உப்பியிருந்த அந்த உடுப்பு தொய்ந்து படிந்தது. காற்று ஒரு பொட்டு இல்லை. நிலசம்பங்கி வாசனை சட்டென்று நின்றுபோயிற்று.

ஒதீலியா அப்போதும் சிரித்த முகமாகவே இருந்தாள். தட்டு நீட்டினாள், குவளை கழுவினாள்.

அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். ரெமெதியோஸ் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டாள். படம் சரியாகிவிட்டது. பூமுடி நிமிர்ந்திருந்தது, சிறகு மடிப்புக் கலையாமல் நின்றது. குழந்தை கண்ணை மூடியிருந்தது. அது வெறும் படம். ஒதீலியா கொஞ்ச நேரம் நின்றாள், அழவில்லை, கிளம்பினாள்.

அறையைத் தாண்டியதும், அவள் குதிகாலை ஒட்டியே... டக். துப்பாக்கி அறை. டக். ஆயர் நாற்காலி, மண் நாய்கள். டக். டக். எவாரிஸ்தோ ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. காத்திருக்கத்தான் யாருமில்லையே.

"ஒருத்திதான் வந்தியா தாயி" என்றாராம் வாசலில்.

சாலையில் அவள் செருப்புச் சத்தம் மட்டும். நின்று பார்த்தாளாம். நடந்து பார்த்தாளாம். மறுபடி நின்று பார்த்தாளாம். பேருந்தில் பக்கத்து இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும் இதையெல்லாம் ரெமெதியோஸிடம் சொல்லிவிட்டு, "சரி அண்ணி" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று இருட்டியபின் அடுத்த வீட்டிலிருந்து ஒரு ஓலம் வந்தது. அப்படி ஒரு குரல் அவளுக்கு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இத்தனை காலம் முக்காட்டுக்குள் திணித்தது எல்லாம் வெளியே வந்தது. இந்த முறை அது படத்திலிருந்த குழந்தைக்காக இல்லை. பெயர் சொல்லி அழுதாள். எலியாஸ்... எலியாஸ். ரெமெதியோஸ் எழுந்து போக நினைத்தாள், அவள் புருஷன் தடுத்தான். "விடு, இப்பவாச்சும் அழட்டும். அழுதாத்தான் ஆறும்."

விடிந்ததும் போனாள்.

மழை பெய்யவில்லை. தெருவெல்லாம் புழுதி. கதவு திறந்திருந்தது, ஒரு சின்ன உருவம் நுழைகிற அளவுக்கு. வாசலில் ஈரம். ரெமெதியோஸுக்குக் கோபம் வந்தது, மறுபடியும் அந்தப் பெண் குழந்தையைக் கூப்பிட்டுவிட்டாளே என்று. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் குனிந்து பார்த்தாள்.

காலடி இல்லை.

ஒரு உள்ளங்கை. இன்னொரு உள்ளங்கை. ஒரு முட்டி. பக்கத்திலேயே, இழுத்துக்கொண்டு வந்த ஒரு நீளக் கோடு. கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து புழுதியை உழுதுகொண்டு வந்து, படியேறி, உள்ளே போயிருந்தது.

ரெமெதியோஸ் கோட்டின் பின்னாலேயே போனாள். அது அடுக்களைக்குள் போய் முடிந்தது. அடுப்பு மூட்டவில்லை, உலையும் வைக்கவில்லை. ஒதீலியா தரையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு கூடை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மடியை அசைக்காமல், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.